பெஞ்சு நீச்சல்

அந்த பெஞ்சில் சரியாக வயிற்றுக்கு நேரே ஓர் ஆணியின் தலை துருத்திக்கொண்டிருக்கும். குப்புறப் படுத்துக் கழுத்தை நீட்டிக் கைகால்களை உதறத் தொடங்கிய இரண்டாவது நிமிஷமே அது தொப்புளுக்கு மேலே குத்த ஆரம்பிக்கும். தலை பெஞ்சுக்கு வெளியே தொங்குவதால், காலையில் சிமெண்டுத் தரையில் ஊற்றித் துடைத்த பினாயில் வாடையும், பக்கத்து அறையில் சீட்டாடிக்கொண்டிருந்த பெரிய மனிதர்களின் சிகரெட் நெடியும் ஒன்றாகக் கலந்து நேராக மூக்கில் ஏறும். நான் நீச்சல் கற்றது இப்படித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பத்து நாள் கற்றேன்.

சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். தென்காசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மனமகிழ் மன்றம் இருந்தது. அதன் பெயரை எழுதி அதற்கொரு மரியாதை செய்ய எனக்கு விருப்பமில்லை. வருஷத்தில் பதினொரு மாதம் அங்கே சீட்டுக்கட்டைத் தவிர வேறெதற்கும் வேலை கிடையாது. மே மாதம் பிறந்ததும் அந்த மனிதர்களுக்குத் திடீரென்று சமூக அக்கறை பொங்கிவிடும். ‘குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான கோடைப் பாதுகாப்பு முகாம்’ என்று துணியில் எழுதி வாசலில் கட்டுவார்கள். தெருப்பிள்ளைகளை எல்லாம் உள்ளே அடைத்து, ஆளுக்கொரு தொப்பியும் ரஸ்னாவும் கொடுத்து, வெயிலில் நடக்காதே, கரண்டுக் கம்பியைத் தொடாதே என்று பாடம் எடுப்பார்கள். அந்தக் கட்டடத்தின் சுவிட்சுப் பெட்டி மூடியில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் தலைக்கு மேலேயேதான் இருந்தது.

எனக்குப் பத்து வயதான வருஷம், பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் மே மாதத்தில் குற்றாலம் மொட்டைப் பாறையாகக் காய்ந்து கிடக்கும், சிற்றாற்றில் இறங்கினால் கணுக்கால் நனையாது, கிணற்றில் இறக்கலாம் என்றால் பெற்றவர்கள் ஒப்பமாட்டார்கள். புத்தியுள்ளவன் எவனாவது இருந்திருந்தால், சீசன் வந்து தண்ணீர் விழட்டும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லியிருப்பான். இவர்கள் கமிட்டி கூடினார்கள், காபி குடித்தார்கள், பெஞ்சில் கற்றுக்கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் நீச்சல் படிப்பதுதான் உலகத்திலேயே பாதுகாப்பான முறை என்று துவக்க விழாவில் செயலாளர் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். அதில் பலமாகத் தட்டியது என் அப்பாதான். எப்படியாவது அந்த மன்றத்தில் உறுப்பினராகிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் செயலாளர் அண்ணாச்சியின் நிழலிலேயே நின்றுகொண்டிருந்தவர் அவர்.

பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு ‘பி.டி. மாஸ்டர்’. செம்பில் மொண்டு ஊற்றிக் குளித்ததைத் தவிர அவருக்கும் தண்ணீருக்கும் வேறு பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. விசில் மட்டும் பிரமாதமாக ஊதுவார். ஓர் ஊதலுக்குக் கை, இரண்டு ஊதலுக்குக் கால், நீளமாக ஊதினால் தலையைத் திருப்பி மூச்சு. இருபது பிள்ளைகள் வரிசையாகப் பெஞ்சுகளில் கிடந்து உதறிக்கொண்டிருந்ததை யாராவது வெளியூர்க்காரன் எட்டிப் பார்த்திருந்தால் ஏதோ காய்ச்சல் பரவிவிட்டது என்றுதான் நினைத்திருப்பான். அந்த உதறலில் நான்தான் முதல். இதில் எனக்கிருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. முடிவில் லாமினேஷன் செய்த சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். நான் நீச்சல் பயிற்சியை வெற்றிகரமாக முடித்துவிட்டதாக அதில் அச்சடித்திருந்தது. அம்மா அதை ஷோகேஸில் வைத்தாள்.

ராயகிரியிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் சித்தி மகள் இசக்கிக்கு அப்போது ஆறு வயது. சின்னப்பிள்ளை என்று அவளை முகாமில் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து நாளும் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாய் பிளந்து, நான் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை விடப் பெரிய மனுஷி உலகத்தில் கிடையாது அவளுக்கு. நான் போகிற இடமெல்லாம் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே வருவாள்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியிலேயே ‘சாரல்’ இறங்கிவிட்டது. அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் கிளம்பினோம். அப்பா எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் போனார். அம்மாவும் சித்தியும் பெண்கள் பக்கத்து வரிசையில் நின்றார்கள். கூட்டம் குறையட்டும் என்று எங்கள் இருவரையும் துணிப்பைகளோடு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். நான் உட்காருவேனா? கையில் வித்தை இருக்கிறதே. இசக்கியைக் கூட்டிக்கொண்டு, கீழே ஆறாக ஓடும் பக்கம் இறங்கினேன். அங்கே ஒரு திருப்பத்தில் தண்ணீர் அசையாமல் பச்சையாக நின்றது. அந்த மாதிரி இடத்தைக் ‘கசம்’ என்பார்கள், ஆள் மூழ்கும் ஆழம். எனக்கென்ன தெரியும். பெஞ்சில் கசம் ஏது?

இசக்கி வரமாட்டேன் என்றாள். பாறையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, சொல்லித்தருகிறேன் வா என்று இழுத்தேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் விழுந்தோம். விழுந்ததும் நான் கை கால் மூச்சு என்று வரிசை தவறாமல் செய்தேன் என்பது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றும் பலிக்கவில்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போனது. என் கழுத்தைச் சுற்றி இசக்கியின் கை இறுகியிருந்தது. அதை நான் பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். அவளை உதறிவிட்டாவது மேலே வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சற்றுத் தள்ளி ஒரு பெண் லாட்ஜ் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீரில் குதிக்கவில்லை, கூச்சல் போடவில்லை. கையிலிருந்த ஈர விரிப்பை முறுக்கி, ஒரு நுனியைத் தன் காலடியில் மிதித்துக்கொண்டு, மறு நுனியை எங்கள் மேல் வீசினாள். அது என் கையில் சிக்கியதும், என் கழுத்தில் தொங்கிய இசக்கியோடு சேர்த்து இழுத்துக் கரையில் போட்டு, இரண்டு பேரையும் கவிழ்த்து முதுகில் தட்டினாள். இசக்கி தண்ணீராகக் கக்கிவிட்டு மூச்சு விட்டாள். ஒரு நிமிஷ வேலை. எந்த முகாமிலும் அதை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

“நீச்ச தெரியாதவ எதுக்குட்டி கசத்துல எறங்குன?” என்று கேட்டாள்.

“எனக்கு நீச்சல் தெரியும்” என்றேன் நான், பல் கிடுகிடுக்க. சான்றிதழ் இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்குள் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அம்மா வந்த வேகத்தில் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை. “இவதான் என்ன இழுத்தா” என்றேன். இசக்கி பேசும் நிலையில் இல்லை, இன்னும் கக்கிக்கொண்டிருந்தாள். சித்தி அந்த நிலையிலேயே அவளைத் தூக்கி நிறுத்தி அறைந்தாள். இத்தனூண்டு பிள்ளை என்னத்தை இழுத்துவிடும் என்று விரிப்புக்காரப் பெண் சொன்னாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்? அவள் பெயரைக்கூட எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா பைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செயலாளர் வீடு தேடி வந்தார். ஊருக்குள் விஷயம் பரவி, பெஞ்சு நீச்சலைப் பற்றி நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். இசக்கி இழுத்ததால்தான் நான் விழுந்தேன் என்று அப்பா சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அப்படியென்றால் பயிற்சியில் குறை இல்லை, யார் இழுத்தாலும் எப்பேர்ப்பட்ட நீச்சல்காரனும் முங்கத்தான் செய்வான் என்றார். அப்பா அதை அப்படியே ஆமோதித்தார். என் பொய் எல்லாருக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்திவிட்டது. அந்த வருஷமே அப்பா உறுப்பினரானார். இசக்கியைச் செயலாளர் வந்துபோன அன்றைக்கே ராயகிரிக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோடையிலும் சித்தி அவளை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இதோடு முடியவில்லை. அடுத்த வருஷம் அதே முகாம், கூடப் பத்து பெஞ்சுகள். துவக்க விழாவில் என்னை மேடையில் ஏற்றினார்கள். இன்னொரு குழந்தை ஆற்றில் இழுத்துவிட்டபோதும், நமது பயிற்சியின் பலத்தால் உதவி வரும்வரை தாக்குப்பிடித்த வீரச் சிறுமி என்று செயலாளர் அறிமுகப்படுத்தினார். நான் கைகூப்பி நின்று அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். அந்த மேடையில் இருந்தவர்களை எல்லாம் இன்று நான் காறித் துப்பலாம், துப்பத்தான் செய்கிறேன். ஆனால் நடந்தது என்ன என்று தெரிந்து அங்கே நின்ற ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் மடையர்கள், நான் மடச்சிகூட இல்லை.

சித்தி கடைசிவரை எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தயங்குவாள். என் தலையைத் தடவிக் கொடுத்து, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்று உங்களை எல்லாம் அழவைக்கப் பார்த்தேனே என்பாள். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் இதை ஒருமுறை சொல்லாமல் போகமாட்டாள். நானும் அதெல்லாம் பழைய கதை சித்தி, விடுங்கள் என்று பெருந்தன்மையாக மன்னித்துவிடுவேன்.

இப்போது அந்த மன்றம் இல்லை. இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். செயலாளர் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பாவும் போய்விட்டார், பெஞ்சுகள் எந்த அடுப்பில் எரிந்தனவோ. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடப்போவதில்லை. முகாம்கள் மட்டும் சாகவில்லை. இந்த வருஷம் என் மகளின் கோடை வகுப்பில் நீர்ப் பாதுகாப்பை ஏசி அறையில் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டி, அவளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தனுப்பினார்கள். வாசலிலேயே வாங்கிக் கிழித்தேன்.

சீசன் தொடங்கியதும் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். இசக்கி இப்போது போலீஸில் இருக்கிறாள். பெண்கள் பக்கம் அருவி ஓரத்தில், முழங்கால் வரை நனைந்து, அவள்தான் டூட்டியில் நின்றாள். கூட நின்ற காவலர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் தன்னைக் கடந்து போகிற ஒவ்வொரு குழந்தையின் புஜத்தையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துத்தான் விட்டாள். இசக்கி சித்தி, உங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் இங்கேயே டூட்டி என்று என் மகள் கேட்டாள்.

“சின்னப் பிள்ளையில ஒங்க அம்மைய நான் ஆத்துக்குள்ள இழுத்துட்டேன்லா, தெய்வாதீனமாப் பொழச்சா. அதுலேருந்து வருஷா வருஷம் நானாத்தான் இந்த டூட்டிய கேட்டு வாங்குதேன்” என்றாள் இசக்கி சிரித்தபடி.

அவள் அதை மறந்திருப்பாள் என்றோ, உண்மை தெரிந்தும் எனக்காகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்றோதான் இத்தனை வருஷமும் நான் நினைத்திருந்தேன். அவள் அதை நம்பியிருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் வீடே சேர்ந்து சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்? நான் சொன்னேன். அருவிச் சத்தத்தில் முதல் தடவை அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ இழுக்கல இசக்கி. ஒன்ன இழுத்ததே நாந்தான்.”

அப்போது வழுக்கிய ஒரு குழந்தையை அவள் கையை நீட்டிப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

“எங்கம்மா உயிரோட இருக்கையில இத சொல்லிருக்கலாம்லாக்கா” என்றாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரிசைப் பக்கம் போய்விட்டாள்.