தவமணியின் நாற்பத்திரண்டாவது கத்தி

மடக்குக் கத்தியை இடது காதோடு ஒட்டிப் பிடித்து, அலகைப் பாதி திறந்து, பட்டென்று விடுகிறார் தவமணி. அது 'டக்' என்று மூடிக்கொள்கிறது. "நல்லாக் கதைக்குது" என்று தலையாட்டுகிறார். சத்தம் மந்தமாக இருந்தால் முகம் சுருங்கிவிடும். "இதுக்குத் தடிமன் பிடிச்சு மூக்கடைச்சிருக்கு" என்று திருப்பி வைத்துவிடுவார். டென்மார்க்கின் ஒடென்சே நகரத்து ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் பொம்மை விற்கிறவர்களும் கிண்ணம் விற்கிறவர்களும் இந்த வைத்தியப் பரிசோதனையை வேடிக்கை பார்க்கப் பழகிவிட்டார்கள்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. சேர்ப்பதோ ஹாலோவெல் என்ற ஒரே ஒரு அமெரிக்கக் கம்பனியின் கத்திகளை மட்டும். அந்தக் கம்பனியைப் பூட்டியே எழுபது வருடமாகிறது. தவமணி அமெரிக்காவைக் கண்ணாலும் கண்டதில்லை. எல்லாம் ஒரு குளிர் ஜக்கெட்டால் வந்த வினை. ஒன்பது வருடத்துக்கு முன் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய ஜக்கெட்டின் பைக்குள் எலும்புப் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்று கிடந்தது. நேர்மையாகத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஜக்கெட்டோடு வந்தது உங்களுக்குத்தான் என்று கடைக்காரி சொல்லிவிட்டாள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இப்போது வீட்டில் நாற்பத்தொரு கத்தி. ஒவ்வொன்றும் தையல் மெஷின் எண்ணெய் பூசிக்கொண்டு, தவமணி தைத்த துணி உறைக்குள் சொகுசாகப் படுத்திருக்கிறது. ஒன்றாலும் எதையும் வெட்ட விடமாட்டார். கணவர் இரத்தினசிங்கம் சமையலறையில் மொட்டைக் கத்தியோடு கோழியிடம் மல்லுக்கட்டியபடி, "நாப்பத்தொரு கத்தி இருக்கிற வீட்டில ஒரு வெங்காயம் வெட்ட வழியில்லை" என்று புலம்புவார். அம்மா தபால் முத்திரை சேர்க்கிறார் என்றுதான் மகள் துவாரகா தன் வேலையிடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்.

தவமணியிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: ஹாலோவெல்லின் வைத்தியர் கத்தி. ஒல்லியான உடம்பு, பிடியின் அடி தட்டை. குதிரையில் நோயாளி வீட்டுக்குப் போன அந்தக் காலத்து வைத்தியர்கள் அந்தத் தட்டை அடியால் குளிசையை நசுக்கிக் கொடுப்பார்களாம். விழுங்க முடியாத கிழவர்களுக்கு இருபத்திரண்டு வருடமாகக் குளிசை நசுக்குகிற தவமணிக்கு, அந்தக் கத்தியைத் தனக்காகவே செய்தார்கள் என்ற நினைப்பு. அதற்காக இன்னொருவரும் அலைகிறார். லோரன்ஸ், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, எழுபது வயது டேனிஷ்காரர். சந்தை வாசலில் அவருடைய சைக்கிளைக் கண்டால் தவமணிக்கு வயிறு எரியும். தான் முந்திக்கொண்ட நாட்களில் மட்டும் அவரைப் பார்த்து மிகவும் பாசமாகக் கையசைப்பார்.

கத்தியை இன்னொருவர் கையிலிருந்து தவமணி வாங்கவே மாட்டார். கைக்குக் கை போனால் சண்டை வரும். கொடுப்பவர் மேசையில் வைக்க வேண்டும், பிறகு இவர் எடுப்பார். சந்தையில் தெரிந்தவர்களெல்லாம் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

போன ஞாயிறு, புதிதாகக் கடை போட்ட சிவப்புத் தாடிக்காரர் ஒருவர், காலமான மாமாவின் பெட்டியைக் கிளறி ஒரு கத்தியை நீட்டினார். ஒல்லி உடம்பு. தட்டை அடி. தவமணியின் கை தானாக நீண்டது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. மேசையைக் காட்டி, வையுங்கள் என்று டேனிஷில் சொன்னார். அவர் வைத்தார். எங்கிருந்தோ முளைத்த லோரன்ஸ் எடுத்துக்கொண்டார்.

எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது சந்தை வழக்கம். லோரன்ஸ் அலகின் அடியில் கம்பனிப் பெயர் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கடைசியில் கத்தியை மேசையில் வைத்து, அசலா போலியா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

போலி என்று ஒரு சொல் சொன்னால் போதும், மனிதர் விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வரவும் செய்தது. தவமணி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஹாலோவெல் என்ற பெயர், பக்கத்தில் கடுகளவு குதிரை லாடம். லாடம் போட்டது கம்பனியின் முதல் ஐந்து வருடக் கத்திகளில் மட்டும்தான். அதோடு எல்லாம் மறந்துபோனது.

"இதுதான் அண்ணை, இதுதான் அது. லாடம் இருக்கு, வடிவாப் பாருங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, லோரன்ஸின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இரண்டு பேரும் சந்தை நடுவில் பள்ளிப் பிள்ளைகள்போல் குதித்தார்கள். குதித்து முடித்த பிறகுதான், கத்தி தனக்கில்லை என்பது தவமணிக்கு நினைவு வந்தது.

இந்தக் கூத்தைப் பார்த்த தாடிக்காரருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. மாமாவிடம் இப்படி இரண்டு இருந்ததாகவும், மற்றதைத் தன் தங்கை கொண்டுபோய்விட்டதாகவும், அவள் பத்து மணிக்குத் துறைமுகப் பக்கச் சந்தையில் கடை போடுவாள் என்றும் சொன்னார். தவமணி கடிகாரத்தைப் பார்த்தார். லோரன்ஸும் பார்த்தார். ஒன்பதே முக்கால். ஒன்றோடு திருப்திப்படுகிற மனிதர் அல்ல லோரன்ஸ். ஆனால் அவர் இன்னும் பணம் கொடுத்து முடிக்கவில்லை; கண்ணாடி இல்லாமல் கைபேசியில் ஒவ்வோர் எண்ணாகத் தடவிக்கொண்டிருந்தார்.

தவமணி நல்ல பிள்ளைபோல் விடைபெற்று, சைக்கிள்கள் நிற்கும் இடத்துக்கு நடந்தார். லோரன்ஸின் சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து, பின்சக்கரத்து வால்வைத் தளர்த்தினார். காற்று 'புஸ்ஸ்' என்று போய்த் தீரும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு தன்னுடைய சைக்கிளிலிருந்து பம்பைக் கழற்றி, அவர் கண்ணில் படும்படி அவருடைய இருக்கையின்மேல் வைத்துவிட்டு, பெடலை ஏறி மிதித்தார்.