எண்பத்திரண்டு கிலோவும் ஒரு ஹெலிகாப்டர் சீட்டும்

"உங்க வெயிட் ஓகேன்னுதான் பைலட் சொன்னாரு அண்ணே."

அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

எங்கள் கூலிம் டவுனில் பூக்கடை வைத்திருந்த பாலன் அண்ணன் நேற்று காலை தவறிவிட்டார். கேமரன் மலையிலிருந்து வரும் பூப்பெட்டிகளை எடுக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாராம்... ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது வாட்ஸ்அப்பில் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகம். ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவ வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. பூ கொட்ட ஒருவருக்குத்தான் இடம். பாலன் அண்ணன் பெயரை எல்லோரும் சேர்ந்துதான் சொன்னார்கள்.

கடிதம், போன் எல்லாம் என் பொறுப்பு. காம்பு, நார், பிளாஸ்டிக் பை எதுவும் கூடாது, வெறும் இதழ் மட்டும் என்றார் பைலட். ஏறுகிறவரின் எடையையும் கேட்டார்.

அண்ணனைப் பழைய இரும்புக் கடைக்கு அழைத்துப் போனேன். கடை முதலாளி தவுக்கேயிடம்தான் பெரிய தராசு இருந்தது.

"பக்கத்துலயே நில்லு மா. தவுக்கே என்னையும் இரும்பு வெலைக்கு எடுத்துடப் போறாரு!"

எண்பத்திரண்டு. பைலட்டுக்குப் போன் செய்தேன். "போலே, போலே, நோ ப்ராப்ளம்" என்றார், தாராளமாக ஏறலாம் என்று. அதை அண்ணனிடம் உடனே சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் கடைக்கு ஓடிவிட்டார். அப்புறம் கும்பாபிஷேக வேலையில் மறந்து போனேன்.

இரண்டு நாள், அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து ரோஜாவையும் செவ்வந்தியையும் இதழ் இதழாக உதிர்த்தார்கள். நாலு சாக்கு.

கும்பாபிஷேகத்தன்று காலை, பள்ளித் திடலில் ஹெலிகாப்டர் இறங்கி நின்றது. அண்ணன் புது ஜிப்பா போட்டிருந்தார். அப்போதுதான் கோயில் தலைவர் தன் மருமகனோடு வந்தார்.

"பாலா, நீ ஏறுனா அது மேல போவுமா லா? மாப்பிள்ளை ஒல்லி. அவரு போவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பைலட் என்ன மா சொன்னாரு?"

தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த பைலைப் புரட்டினேன்.

"நேரமாவுது அண்ணே," என்றேன்.

அண்ணன் சாக்குகளைத் தானே தூக்கி உள்ளே வைத்தார். மருமகனிடம், "கோபுரத்துக்கு முன்னாலயே ஆரம்பிச்சிடுங்க தம்பி. காத்து கொண்டாந்து சேத்துடும். கொஞ்சங் கொஞ்சமா போடுங்க," என்றார்.

இறக்கைகள் சுழலத் தொடங்கின. புழுதியில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் மட்டும் கண்ணைச் சுருக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே போன மருமகனுக்குப் பயம் வந்துவிட்டது போல. கோபுரத்தைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு மேலே போன பிறகு நாலு சாக்கையும் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கையேந்தி நின்றார்கள்... ஓர் இதழ்கூட விழவில்லை.

"பரவால்ல மா," என்றார் அண்ணன். "செம்பனை மரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆயிடுச்சு."

சில வாரம் கழித்துப் பூ வாங்கப் போனேன். மாலையைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"பைலட்தான் வேணாம்னாரா மா?"

"கொஞ்சம் கூடன்னு சொன்னாரு அண்ணே..."

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

"அதானே," என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. தன்னை யாரும் ஒதுக்கவில்லை, எடைதான் காரணம் என்று நம்பிவிட்டார்.

மறுநாள் மாலையிலிருந்து அந்தத் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். சீனி இல்லாத காப்பி. தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் கிடையாது.

போன மாதம் என்னைப் பார்த்ததும் கடையிலிருந்தே கத்தினார்: "எழுபத்தொண்ணு மா! இனிமே தலைவரு வாயத் தொறக்க முடியாது லா!"

நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

போய் வாங்க அண்ணே. மன்னிச்சிடுங்க.

அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.