மேஸ்திரி கேட்ட சாக்கு

ஈரச் சிமெண்டு வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் அப்பாவின் ஞாபகம்தான் வரும். நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கு இரும்பு ஷட்டர் வைத்த வருஷம் நான் நாலாம் வகுப்பு. அதுவரை மதகில் மரக்கட்டையை அடைத்தும் பிடுங்கியும், எந்த வயலுக்கு எப்போது என்று முறை வைத்துத் தண்ணீர் விட்டவர் என் அப்பா. அந்த வேலைக்காரரை எங்கள் பக்கம் "நீர்க்கட்டி" என்போம். புது ஷட்டருக்கு ஒரு சாவி உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. "சாவி யார் கையிலயோ அவன்தான் இனிமே நீர்க்கட்டி" என்று அம்மா உலை வைக்கும்போதும் சொன்னாள், உலை கொதிக்கும்போதும் சொன்னாள்.

மண் வாய்க்காலைச் சிமெண்டு வாய்க்காலாக்க ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு மேஸ்திரி வந்திருந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகவே பேசுவார்; அவசரம் வந்தால் தமிழ் வராது என்பது எங்களுக்குத் தெரியாது. மட்டம் பார்க்கக் கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னார். அப்பா ஏரியில் ஷட்டர் பக்கத்தில். மேஸ்திரி கடைமடையில், பூச்சு இன்னும் காயாத இடத்தருகில். ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்ல நடுவில் நான், சத்தம் போடவே கூச்சப்படுகிற பிள்ளை.

தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி இரண்டு கையையும் ஆட்டி "சாக்கு, சாக்கு" என்றார். வாய்க்கால் உடைந்தால் மண் நிரப்பிய சாக்கைப் போட்டு அடைப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதால், நான் ஓடிப்போய் "அப்பா, சாக்கு கேக்கறாரு" என்றேன். அப்பா ஷட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, நாலு கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள், பூச்சு மொத்தமும் கரைந்து வயலில் சாம்பலாக நின்றது.

"எங்க பாஷைல அப்படின்னா போதும்னு அர்த்தம்ப்பா" என்று மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஊர்க்கூட்டத்தில் அப்பா, "புள்ள வந்து சாக்குன்னு சொல்லுச்சு, அதான்..." என்று ஆரம்பித்தார். "ஏம்பா, தண்ணிய வுட்டுட்டு இப்ப புள்ள மேல சாக்கு சொல்றியா?" என்று ஊர்ப் பெரியவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சாவி பெரியவரின் மச்சானுக்குப் போனது.

என்னால் போனதா, முன்பே மச்சானுக்கென்று பேசி வைத்திருந்தார்களா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. அப்பா திட்டியிருந்தாலாவது தெரிந்திருக்கும். "காதுல வுழுந்தத சொன்ன, வுடு" என்றார், அவ்வளவுதான். அது ஆறுதலா, குத்தலா என்பதும் தெரியவில்லை.

நான் வாக்கப்பட்டதும் அதே ஊர்தான். இப்போது ஏரியில் பாதி முள். வாய்க்காலில் பாதி, போச்சம்பள்ளிக்குக் கம்பெனி பஸ் போகிற ரோட்டுக்கு அடியில். வயலுக்கு வயல் போர்வெல், சொட்டுநீர்க் குழாய். நீர்க்கட்டி என்றால் என் பேத்திக்குப் புரியாது. போன மாதம் வாய்க்காலைத் திரும்பச் சீர்செய்யப் போவதாக இரண்டு பேர் அளவெடுக்க வந்து, "முன்ன தண்ணி முறை வுட்டது யாரும்மா? எழுதிக்கணும்" என்றார்கள். என் மருமகள் தான் கேள்விப்பட்டபடி அந்தப் பெரியவர் மச்சானின் பெயரைச் சொன்னாள். கதவோரம் நின்ற நான் சொல்லலாமா, சொன்னால் எதற்கு என்பார்களா என்று குழம்பி நிற்பதற்குள் பேனாவை மூடிவிட்டார்கள்.

அதனால் இங்கே எழுதுகிறேன். சாவி வருவதற்கு முன் எங்கள் ஏரியிலிருந்து தண்ணீர் விட்டவர் பெயர் மாரப்பன்.