சுவரில் ஏறும் சென்டிமீட்டர்

கல்லூரியில் நானும் கோலூன்றித் தாண்டியிருக்கிறேன். கோல் ஒழுங்காக அந்தப் பக்கம் போய்விடும். நான்தான் இந்தப் பக்கமே நின்றுவிடுவேன். நிஜமாகவே தாண்டியவன் என் நண்பன், சைதாப்பேட்டை ஆற்றங்கரைக்காரன்.

அப்போதைய உலக சாதனை ஆறு மீட்டருக்குச் சற்று மேலே. அது எவ்வளவு உயரம் என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வெளிச்சுவரில், தெருவிலிருந்து டேப் பிடித்து அளந்து ஒரு கறுப்புக் கோடு போட்டோம். மொட்டைமாடியிலிருந்து குப்புறத் தொங்கியவன் நான். தெருவில் நின்று அதிகாரம் செய்தவன் அவன். "மச்சி, கொஞ்ச நேரம் மேலயே இரு. நீ அவ்ளோ ஒசரம் போறது இதான் கடைசி."

அதன் பிறகு பல வருடங்கள் அந்தச் சாதனை அசையவேயில்லை. எங்களுக்கும் அவசரமில்லை; விசிலடித்தால் வந்து நிற்கும் தூரத்தில்தான் அவன் இருந்தான். பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை வீடுகளை அரசாங்கம் காலிசெய்தபோது, அவன் குடும்பத்தை ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும்.

அதற்கப்புறம்தான் ஐரோப்பாவில் ஓர் இளைஞர் தாண்ட ஆரம்பித்தார். ஒரேயடியாக எகிறாமல், ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கூட்டிக்கொண்டே போகிறார். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மற்ற நாட்களில் கூப்பிட்டால் "பாக்கலாம் மச்சி" என்று நழுவும் நண்பன், சாதனை உடைந்தால் மட்டும் அடுத்த ஞாயிறே வந்துவிடுவான். நான் தொங்கியபடி, பழைய கோட்டின் மேல் ஸ்கேல் வைத்து, ஒரு சென்டிமீட்டர் தள்ளி அடுத்ததைப் போடுவேன். கீழிருந்து அவன் கத்துவான்: "ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது, உன்னிய மாதிரியே!" பிறகு டீ, பஜ்ஜி, பழைய கதை. கீழ்வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்த ஒருவர், வெள்ளம் அவ்வளவு உயரம் வந்ததா என்று கேட்டுவிட்டு ஓடியேபோனார்.

இந்த முறை போனில், "முட்டி வலிக்குது மச்சி. ஒரு கோடுதான, நீயே போட்டுக்கோ" என்றான்.

போட்டேன். கீழே வந்து அண்ணாந்து பார்த்தேன். கோணலாக இருந்தால்கூடச் சொல்ல ஆளில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபோது முழங்கால் மோவாயில் இடித்தது. முன்பு மூன்று படிகள் இருந்தன. தார் மேல் தாராகப் போட்டுப் போட்டு இரண்டு படிகளைத் தெரு விழுங்கியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. முதல் கோட்டைத் தெருவிலிருந்தல்லவா அளந்தோம்? ஊர் உலகமெல்லாம் சாதனை ஏறிக்கொண்டிருக்க, எங்கள் சுவரில் மட்டும் ஏறக்குறைய ஓரடி இறங்கிப்போயிருந்தது. ஒரு தப்பைக் கண்டுபிடித்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. உடனே கூப்பிட்டேன்.

"எல்லாக் கோடும் தப்புடா. அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடணும். கீழ டேப் புடிக்க ஆள் வேணும்."

"பக்கத்து வூட்டுக்காரரு இன்னா ஆனாரு?"

"அவருக்கு என்னைத் திட்ட வராதுடா."

"எத்தினி கோடு கீது?"

"நிறைய. ஒரே ஞாயித்துக்கிழமையில முடியாது."

"கேடி மச்சி நீ." சிரித்தான். "முட்டிக்குத் தைலம் வாங்கி வை."

வாங்கிவிட்டேன். நாளை ஞாயிறு. மழை மட்டும் வந்துவிடக் கூடாது.