தேவராஜ் அண்ணனின் விறைப்பு

தேவராஜ் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்து ஆரணியில், அவர் வீட்டிலேயே...

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த எல்லாருக்கும் அவரைத் தெரியும். மெயின் கேட் செக்யூரிட்டி. பழைய ஷிப்ட் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்போதுதான் அங்கிருந்து திரும்பினேன். எந்த வேலையும் ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பேக்கிங் செக்ஷனில் சேர்ந்த புதிதில் அவர் கேட்டில் நேராக நின்று பார்த்ததே இல்லை. எதிலாவது சாய்ந்திருப்பார். தொப்பி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

லோடு ஏற்ற வரும் லாரி டிரைவரிடம், "இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?" என்பார். அதையே எம்.டி. கார் கண்ணாடியைத் தட்டியும் ஒருநாள் கேட்டாராம். செய்யக்கூடிய ஆள்தான்.

எங்களைக் கண்டால், "இன்னாம்மா மொகம் டல்லடிக்குது? காலைலயே மாமியார் பேஜாரா?" கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நமக்கும் வந்துவிடும்.

இதற்காக எச்.ஆர். கூப்பிட்டு வார்னிங் கொடுத்தார்கள். கேட்டில் நின்று சிரிக்கிறாராம். செக்யூரிட்டிக்கு உண்டான விறைப்பு இல்லையாம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன் மாறினார். சாய்வது நின்றது. ஆணி அடித்தாற்போல ஒரே இடத்தில் நின்றார். கை உடம்போடு ஒட்டியிருக்கும். பேச்சு இல்லை, சிரிப்பும் இல்லை. இமைகூட எப்போதாவதுதான் அசையும்.

மேனேஜர் அசந்துபோனார். கம்பெனி விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, "செக்யூரிட்டின்னா இப்படி இருக்கணும்" என்று சால்வை போட்டார். ஹால் முழுக்கக் கைதட்டல்... ஒரு நோய்க்குச் சால்வை போட்ட கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கேண்டீனில் பேச்சு வேறு மாதிரி. "சால்வ போட்டாலும் போட்டாங்கோ, தேவராஜுக்கு இன்னா வெறப்பு பாத்தியா? வணக்கம் சொன்னா தலகூட ஆட்ட மாட்டேங்கிறான்."

திமிர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம் ஆட்களுக்கு விறைப்பு என்றால் அது ஒன்றுதானே.

கேட்டில் யார் என்ன நினைத்தாலும் போகட்டும். வீட்டில்தான் அது அவரை ஒடித்துப் போட்டது.

மகள் ஜெனிக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டியபோது அண்ணன் கை முன்னால் வரவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை. சும்மா பார்த்தபடி நின்றிருக்கிறார்.

கட்டிலில் படுத்திருந்த ஜெனி, "பொட்டப் புள்ளன்னுதானப்பா மொகத்த தூக்கி வெச்சிக்கினு நிக்கிற?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் ஏதோ சொன்னாராம். அந்தக் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை.

அம்மா வீட்டுக்கு வரவேண்டியவள் பச்சைக் குழந்தையோடு ஊத்துக்கோட்டைக்கு, மாமியார் வீட்டுக்கே போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை.

அண்ணனின் மனைவி மேரி அண்ணி கேட்டுக்கு வந்து எங்களிடம் அழுதபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. சட்டை பட்டன் போட முடியவில்லை, படுத்தால் புரள முடியவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார்.

சென்னையில் நரம்பு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கையை மடக்கி நீட்டிப் பார்த்தாராம். துருப்பிடித்த கீல் மாதிரி விட்டுவிட்டு வந்ததாம். பார்க்கின்சன்...

கை கால் போலவே முகத்திலும் தசை இறுகிவிட்டது, அவருக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதையே மறுபடி சொல்லச் சொல்லி, அண்ணி போனில் ரெக்கார்ட் செய்து மகளுக்கு அனுப்பினார். சாயங்காலமே ஜெனி குழந்தையோடு வந்து இறங்கிவிட்டாள்.

அவர் வேலையை விட்டபிறகு ஒருதரம் பார்க்கப் போனேன். காதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது. "வெறப்பா கீறேன்னு தப்பா நெனைக்காதம்மா. உள்ள சிரிச்சிக்கினுதான் கீறேன். வெளிய வர மாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அதுவும் வரவில்லை.

மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் ஆனால் உடம்பு இளகும். வாய் ஓரத்தில் சிரிப்பு எட்டிப் பார்க்கும். அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, ஊத்துக்கோட்டைக்குத் திரும்பியிருந்த ஜெனிக்கு வீடியோ கால் போடுவார். "சீக்கிரம் பாப்பாவ காட்டுடி, அப்பா சிரிக்கிறாரு!"

மாத்திரையின் வேகம் தீர்ந்தால் மறுபடி அதே முகம். போகப் போக அந்தக் கொஞ்ச நேரமும் குறைந்துகொண்டே வந்தது.

இன்று நான் போனபோது அண்ணி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காலைல அவரு கைய மடக்கி நீட்டி, மல்லுக்கட்டித்தான் எழுப்பி உக்கார வெப்பேன். இன்னிக்கி தொட்டதும் மடங்கிச்சு கண்ணு... அவ்ளோ லேசா. ஏசப்பா, சரியாயிடுச்சுன்னே நெனச்சிட்டேன். சந்தோஷத்துல ஜெனிக்கு வீடியோ கால் போட்டேன்..."

"மொகத்த காட்டுனேன். அப்பா நல்லா தூங்குறாரும்மா, மொகம் எவ்ளோ தெளிவா கீதுன்னு அவளும் சிரிச்சா. எழுப்பிப் பாரும்மான்னா..."



நாளைக்கு அடக்கம். ஜெனி வந்துவிட்டாள். முடிந்தவர்கள் வாருங்கள்.

போங்க அண்ணா... நல்லா கையை வீசி நடந்து போங்க.