ஐஸ் பெட்டியில் போன முடி

என் கணவர் கற்பிட்டியில் மீன் வியாபாரி. கொழும்புக்குப் போய், வழுக்கைத் தலையில் முடி நடும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தார். மூன்றாம் வாரம் நட்ட முடி தலையணை முழுக்க உதிர்ந்தது. மனிதர் அதைப் பொறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்தார்.

"பழுதாகாமக் கொண்டு போனா திரும்ப நடலாம்தானே" என்றார்.

பஸ்ஸில் பெட்டி என் மடியில். ஐஸ் உருகி என் அபாயா நனைந்ததுதான் மிச்சம். டொக்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

"இந்த முடி விழத்தான் செய்யும். வேர் உள்ளுக்கு இருக்கு, மூணு நாலு மாசத்துல முளைக்கத் தொடங்கும். முதல் நாளே சொன்னேனே."

நான் கணவரைப் பார்த்தேன்.

"அந்நேரம் போன்ல இறால் விலை கதைச்சிட்டு இருந்தேன்" என்றார்.

இப்போது அவர் எந்த டொக்டரிடம் போனாலும் நானும் உள்ளே போகிறேன். அவருடைய போன் என் கைப்பையில் இருக்கும்.