கடைசி வீட்டுக்கு வந்த தண்ணீர்

ஓய்வு பெறும்வரை மாவட்ட அலுவலகத்தில் வெள்ள நிவாரண விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பாரத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. கனமழை என்று எழுதலாம், ஆற்றுப் பெருக்கு என்று எழுதலாம். கடவுளின் கோபம் என்று எழுதினால் பாரம் திரும்பி வந்துவிடும். எட்டு வயதில் எனக்கு இந்த நடைமுறை தெரியாது.

செலண்டார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர். பெயர்ப் பதிவு, சம்பளப் புத்தகம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பங்கிடுவது எல்லாம் அவர் கையில். எங்கள் வீடு மேட்டில் இருந்தது. அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு தானும் வேதத்தில் சேர்ந்துவிட்டதால் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார். கல்யாணமானவர்களுக்கு வீடு கொடுத்தாக வேண்டும் என்பது தோட்டத்து விதி. அப்பா விதியை மீறாதவர். தோட்டத்து ஓடையான அல்லூற்றின் கரையில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த கடைசி வீட்டைக் கொடுத்தார். அது ஏன் பூட்டிக் கிடந்தது என்பது வீட்டுப் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு அப்பாவிடம் இருந்தது.

மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வேதக் கதை சொல்வார். பிஸ்கட்டும் உண்டு என்பதால் மாரியம்மனைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளைகளே அதிகம். அங்கேதான் பேழை கட்டி வெள்ளத்தில் தப்பிய நோவாவைத் தெரிந்துகொண்டேன். மனிதரின் அக்கிரமம் பெருகியதைக் கண்டு கடவுள் வெள்ளத்தை அனுப்பினார் என்ற வசனத்தைப் பிசகாமல் சொல்லி, வண்ணப்படம் போட்ட அட்டை ஒன்றைப் பரிசாக வாங்கினேன்.

அந்த ஆண்டுக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. அல்லூறு பொங்கிக் கீழ் லயத்துக்குள் புகுந்தது. மற்ற வீடுகளில் முழங்கால் அளவு, கடைசி வீட்டில் சன்னல் உயரத்துக்கு. அத்தையும் மாமாவும் உடுத்திய துணியோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சாமியை விட்டுப் போனவளால்தான் எல்லாருக்கும் கேடு, அவளைத் தோட்டத்தை விட்டே அனுப்ப வேண்டும் என்று அங்கே தங்கியிருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். கிராணி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மறுநாள் காலை, அரிசி கொடுப்பதற்காக அப்பா பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுப் பெயர் எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். அத்தையின் முறை வந்தது.

“பேரு?” என்றார் அப்பா, தலை நிமிராமல்.

“ஒனக்குத் தெரியாதாண்ணே?”

“எல்லாரையும் கேக்கறதுதான் முறை. வீட்டு நம்பரு?”

“நீ குடுத்த நம்பருதான்.”

அப்பாவுக்குத் துணை தேவைப்படுவதாக எனக்குத் தோன்றியது. வசனத்தை உரக்க ஒப்பித்தேன். விளக்கமும் சொன்னேன்: அக்கிரமம் செய்தவர் வீட்டுக்குத் தண்ணீர் வந்தது, நம் வீட்டுக்கு வரவில்லை.

“பாத்தியா லா, அவங்க வேதமே சொல்லுது” என்றாள் பின்னால் ஒருத்தி.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மாமாதான் குனிந்து என்னிடம் சொன்னார்.

“வசனம் சரிதாம்மா. ஆனா கடவுள் நோவாகிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. அந்த வீட்டுல தண்ணி ஏறும்னு எங்களுக்கு யாரும் சொல்லல.”

என்னிடம் சொன்னது எனக்குத்தான் என்று நினைத்தேன். அப்பாவின் பேனா நின்றுவிட்டது. எழுதிய எண்ணை அடித்துவிட்டு, மேட்டில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் காலியாக இருந்த வீட்டின் எண்ணை எழுதினார். அந்த வீட்டுச் சாவியை மேசை ஓரத்தில் வைத்தார். அத்தோடு அவளை அனுப்பும் பேச்சும் அடங்கிப்போனது.

கடவுள் அத்தையை மன்னித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அதற்குப் பிறகு மழை வலுக்கும்போதெல்லாம் அப்பா குடையோடு இறங்கிப் போய், ஆளில்லாத அந்தக் கடைசி வீட்டு வாசலில் நின்றுவிட்டு, வேட்டியெல்லாம் சேறாகத் திரும்பி வருவார். தண்டனை இன்னும் முடியவில்லை, கிராணி என்பதால் அப்பா அதைக் கவனித்துக்கொள்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். யாருடைய தண்டனை என்று கேட்கத் தோன்றவில்லை.